வரைபடத்தில் இல்லாத பின்கட்டு

அந்த அம்மாள் உட்காரவில்லை. நாற்காலியைக் காட்டினேன். "இல்லே, சீக்கிரம் போகணும். அவர் தனியா இருக்கார்" என்று நின்றபடியே சொன்னார். மடக்கிய குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் மேஜைக்கு முன்னால் சிறு குட்டையாகத் தேங்கிக்கொண்டிருந்தது.

"எங்காத்தை இதுல காட்டுங்கோ" என்றார், என் கணினித் திரையைப் பார்த்து.

தெருவையும் கதவு எண்ணையும் கேட்டுத் தட்டினேன். ஸ்ரீரங்கத்தின் பழைய தெருக்களில் ஒன்று. படம் மெல்ல விரிந்தது. ட்ரோன் மேலிருந்து எடுத்த படம். ஓடுகள், மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், அவற்றின் மேல் நாங்கள் வரைந்த நீலக் கோடுகள். அவர் சொன்ன எண்ணைத் தொட்டதும் அந்தக் கட்டம் பச்சையாக ஒளிர்ந்தது. பச்சை என்றால் நல்ல நிலையில் உள்ள கட்டடம் என்று பொருள்.

"இதோ மாமி, உங்க வீடு."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "இது எங்க பங்காளி பத்ரியோட லாட்ஜ். முன்கட்டு. நாங்க இருக்கறது பின்கட்டு. அது எங்கே?"

நீலக் கோடு தெருவிலிருந்து கொல்லை வரை ஒரே நீளக் கட்டமாக ஓடியது. நடுவில் பிரிப்பு எதுவும் இல்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு மாமி. ஒரே கட்டடம்."

"ஒண்ணு இல்லையேம்மா. எங்க மாமனார் காலத்துலயே பாகம் பிரிச்சாச்சு. தனி வாசல், தனி மீட்டர்." துணிப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "சுவர் விரிஞ்சுண்டே போறதுன்னு மனு கொடுத்தேன். கட்டடத்தைப் பார்த்தாச்சு, நல்ல நிலையில இருக்குன்னு பதில் வந்திருக்கு. ஒருத்தரும் எங்காத்துக்கு வரலையே. எப்படிப் பார்த்தா?"

எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

"உட்பிரிவுக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் போடணும் மாமி. பாகப்பிரிவினைப் பத்திரம், மூலப் பத்திரம்..."

"பத்திரமெல்லாம் கோர்ட்டுல இருக்கு. பின்கட்டும் தன்னுதுன்னு பத்ரி கேஸ் போட்டிருக்கான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். ரெண்டு நிமிஷம் வந்து பார்த்துட்டுப் போங்கோ. கை நுழையற அளவுக்கு விரிசல். பார்த்தா உங்களுக்கே தெரியும்."

"வரேன் மாமி. இந்த வாரத்துலயே வரேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"பெருமாள் உங்களை நன்னா வெச்சுப்பார்" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

நான் போகவில்லை.

மேலிருந்து பார்க்கும் கண்

அரியமங்கலம் பட்டறைகளில் அளந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். லேத் பட்டறைக்காரர் ஒருவர் வெயிலுக்குக் கட்டியிருந்த தார்ப்பாயை எங்கள் படம் வீடு என்று காட்டிவிட்டது. "அப்ப இதுக்கும் ஒரு கதவு நம்பர் குடுத்துருங்க மேடம்" என்று அவர் சிரித்ததைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: வேலை பார்த்த காலமெல்லாம் இப்படிச் சிரித்துக்கொண்டேதான் இருந்தீர்களா?

இல்லை, அம்மா. இந்த அத்தியாயத்தை மூன்று முறை தள்ளிப்போட்டிருக்கிறேன்.

எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். தவறு என்னுடையது என்பதால் என்னை மட்டும் மாற்றவில்லை.

நான் கைலாசபுரம் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினார். எங்கள் வரிசையில் எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே சாயம், ஒரே இடத்தில் சமையலறை. ஐந்தாறு வயதில் ஒருநாள் பள்ளி விட்டு வந்து, வரிசை மாறி வேறொரு வீட்டுக்குள் போய், தட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டு அத்தையும் தோசை போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டாவது தோசையில்தான் சட்னி வேறு மாதிரி இருப்பது தெரிந்தது.

ஒரு வீட்டை வெளியே நின்று பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம் என்ற நினைப்பு எனக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்து வீடுகள் அப்படியல்ல. தெருவில் நின்று பார்த்தால் ரயில் பெட்டியின் அகலம்தான். உள்ளே போனால் ரயிலின் நீளம். கூடம், முற்றம், சமையல் உள், கிணறு, மறுபடி ஓர் அறை, மறுபடி ஒரு முற்றம். அண்ணன் தம்பி பிரிந்தால் ஒருவருக்கு முன்பாதி, ஒருவருக்குப் பின்பாதி. பின்னால் இருப்பவருக்கு ஓர் ஆள் போகிற அகலத்தில் பக்கவாட்டில் ஒரு சந்து. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே கூரை.

அதனால்தான் எங்களை நடக்கச் சொன்னார்கள். ட்ரோன் படம் வந்த பிறகு, வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்து, பிரிக்க வேண்டியதைப் பிரிப்பதுதான் சர்வேயரின் வேலை.

பங்குனி வெயிலில் ஒரு கேட்

நாங்கள் அந்தத் தெருவுக்குப் போனது பங்குனி மாதம். என்னோடு ஆரோக்கியசாமி அண்ணன். பதவி, செயின்மேன். அளப்பதற்கு இரும்புச் சங்கிலி இழுத்த காலத்துப் பெயர். சங்கிலி போய் டேப் வந்து, டேப் போய் வானத்துச் செயற்கைக்கோளிடம் இடம் கேட்கும் கருவி வந்த பிறகும் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. அவருக்கு ஓய்வு பெற ஒரு வருஷமோ என்னவோதான் பாக்கி. கருவி பொருத்திய கம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் கழுத்தைத் துடைத்தபடியே வருவார்.

பத்ரியின் லாட்ஜ் புதுச் சாயத்தில் பளபளத்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குவதற்காக முன்கட்டை அறைகளாகப் பிரித்து, சுவர்களைச் சிமெண்டு பூசி, தரைக்கு டைல்ஸ் போட்டிருந்தார். "வாங்கோ மேடம், வெயில்ல வந்திருக்கேள், மோர் சாப்பிடுங்கோ" என்று வரவேற்றார்.

பக்கவாட்டுச் சந்தின் தலைப்பில் ஓர் இரும்பு கேட். அதற்கு முன்னால் பாதி வழியை அடைத்தபடி நான்கைந்து கேஸ் சிலிண்டர்கள்.

"பின்னாடி என்ன?" என்று கேட்டேன்.

"அதுவா? பழைய சாமான் போடற இடம். இடிச்சுட்டு ரூம் கட்டப்போறேன். உள்ளே போகாதேங்கோ, பூச்சி பொட்டு இருக்கும்."

கேட் பூட்டியிருக்கவில்லை. வெறும் தாழ்ப்பாள்தான். கம்பிகளுக்கு ஊடே பார்த்தேன். சந்தின் கடைசியில் கொஞ்சம் வெளிச்சம். அங்கே ஒரு கொடியில் வெள்ளை வேட்டி ஒன்று தொங்கியது.

ஆரோக்கியசாமி அண்ணனும் பார்த்தார். என் பக்கம் குனிந்து, "மேடம், வேட்டி காயுது. பழைய சாமான் வேட்டி கட்டுமா?" என்றார்.

நான் சிரித்தேன். அதுதான் உண்மை, சிரித்தேன்.

மணி ஒன்றரை இருக்கும். அந்தத் தெருவை அன்றே முடித்தாக வேண்டும். கருவிக்குத் திறந்த வானம் வேண்டும். இரண்டு சுவர்களுக்கு நடுவே சிக்னல் பிடிக்காது. சிலிண்டர்களை நகர்த்தி உள்ளே போனால் டேப் பிடித்து ஒவ்வொரு சுவராக அளக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது ஆகும். வாசலிலேயே நின்று, கையிலிருந்த டேப்லெட்டில் 'ஒரே கட்டடம்' என்ற இடத்தைத் தொட்டேன். திரையில் அடுத்த வீடு திறந்தது.

மோரையும் குடித்தேன். பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்.

பச்சை

அந்த ஒரு தொடுகை எங்கெல்லாம் போனது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வரைபடத்தை வைத்துத்தான் பழைய கட்டடங்களின் பட்டியலைத் தயாரித்தார்கள். மழைக்காலத்துக்கு முன் பொறியாளர்கள் அந்தப் பட்டியலோடு போய் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். இடிக்க வேண்டியதற்குச் சிவப்பு, பழுது பார்க்க வேண்டியதற்கு மஞ்சள், மற்றதற்குப் பச்சை. அந்த எண்ணுக்குப் பட்டியலில் ஒரே கட்டடம். அவர்கள் போனார்கள், புதுச் சாயம் அடித்த முன்கட்டைப் பார்த்தார்கள், பச்சை கொடுத்தார்கள். அவர்கள் பொய் எழுதவில்லை. தங்களிடம் கொடுத்த கட்டடத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள்.

பின்கட்டில் அந்த மாமி வேதவல்லியும் அவர் கணவரும் இருந்தார்கள். கணவர் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய், சில வருஷங்களாகக் கட்டிலிலேயே இருந்தார். வேதவல்லி மாலையில் குழந்தைகளுக்கு இந்தி டியூஷன் எடுப்பார். பென்ஷன் மருந்துக்கே போக, குடும்பம் அதில்தான் ஓடியது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

ஆனால் அவர் என் மேஜைக்கு முன் நின்று "பின்கட்டு எங்கே?" என்று கேட்ட அந்த நொடியிலேயே எனக்கு அந்த வேட்டி ஞாபகம் வந்துவிட்டது. மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஏன் போகவில்லை? தீபாவளி விடுமுறை வந்தது. ஒரு ஆய்வுக் கூட்டம் இருந்தது. ஸ்கூட்டர் மழையில் நின்றுபோனது. அப்போது இவையெல்லாம் காரணங்களாகத்தான் தெரிந்தன. இப்போது எழுதிப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. போனால், நான் வைத்த குறி தவறு என்று நானே எழுத வேண்டியிருக்கும். யாராவது ஏன் என்று கேட்பார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஐப்பசியில் ஒரு காலை

மூன்று நாள் விடாமல் பெய்து, நாலாவது நாள் காலையில் வெயில் எட்டிப் பார்த்தது. சுண்ணாம்புச் சுவர்கள் மழையில் விழுவதைவிட மழை விட்ட பிறகு விழுவதுதான் அதிகம் என்று பழைய கொத்தனார்கள் சொல்வார்கள். குடித்த தண்ணீரின் கனம் அப்போதுதான் சுவருக்குத் தெரியுமாம்.

எட்டரை மணிக்கு வேதவல்லி குடத்தோடு சந்தில் இருந்த குழாய்க்கு வந்திருக்கிறார். குடம் பாதி நிறைவதற்குள் உத்திரத்தைத் தாங்கிய சுவர் சரிந்து, கூரை மொத்தமாக உள்ளே இறங்கிவிட்டது. அவர் மேல் தூசி மட்டும்தான் விழுந்தது.

ஆரோக்கியசாமி அண்ணன் போன் செய்தார். "மேடம், அந்த வேட்டி வீடு" என்றார்.

பத்து நிமிஷத்தில் மேலதிகாரியிடமிருந்து அழைப்பு. "உடனே போய் அளந்துட்டு வந்துருங்க. யாராவது கேக்கறதுக்கு முன்னாடி நம்மகிட்ட அளவு இருக்கணும்."

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வேதவல்லியின் கணவரை வெளியே எடுத்து ஆம்புலன்ஸில் அனுப்பியிருந்தார்கள். உயிர் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரு முழுக்கக் கூட்டம். சிலிண்டர்களை யாரோ நடுத்தெருவில் உருட்டிவிட்டிருந்தார்கள்.

வேதவல்லி எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். பக்கத்தில் இரண்டு பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"வந்துட்டேளா" என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொன்ன நாளில் வந்த விருந்தாளியிடம் சொல்வதைப் போலச் சொன்னார். நான் இத்தனை வருஷ வேலையில் வாங்கிய வசவுகள் எத்தனையோ. நிலத் தகராறில் கல்லெறி கூட வாங்கியிருக்கிறேன். அவை எதுவும் இப்போது நினைவில் இல்லை.

சந்து வழியாக உள்ளே போனோம். முதன்முறையாக. வெள்ளையடிக்கும்போது வருகிற வாசனை. செங்கல் குவியலுக்கு நடுவே கட்டிலின் ஒரு கால் நிமிர்ந்து நின்றது. நிற்கிற ஒரே சுவரில் இந்தி எழுத்துகள் அச்சிட்ட ஒரு அட்டை, ஆணியில் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆரோக்கியசாமி அண்ணன் கம்பத்தை ஊன்றினார். கருவி உடனே சிக்னலைப் பிடித்துவிட்டது. கூரைதான் இல்லையே, வானம் முழுக்கத் திறந்திருந்தது. இவ்வளவு சுலபமாக அந்தத் தெருவில் வேறு எங்கேயும் பிடித்ததில்லை.

"பிடிச்சிருச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் மூலைக்கு மூலை போய் நின்று புள்ளிகளைப் பதிந்தேன். அரை மணி நேரத்தில் பின்கட்டு எங்கள் வரைபடத்தில் வந்துவிட்டது.

ஒரு வரி

அன்று மாலை மேலதிகாரி என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் இல்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்காமலே லீவு கொடுத்தவர்.

"பங்குனியில நீங்க ஏன் பிரிக்கலன்னு கேப்பாங்க. என்ன எழுதப்போறீங்க?"

அவரே தொடர்ந்தார்.

"கேட் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"அப்ப என்ன? 'ஆய்வின்போது கேட் பூட்டியிருந்ததால் உட்பகுதியைப் பார்வையிட இயலவில்லை.' ஒரு வரி. உங்களுக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல. அந்தம்மாவுக்கும் மாற்று வீட்டுக்கு எழுதிக் குடுத்துடலாம். யாருக்கு நஷ்டம்?"

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். சாட்சியாக ஆரோக்கியசாமி அண்ணனும் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பூட்டு இல்ல மேடம், தாழ்ப்பாள்" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கேட்டதா என்று அவர் பார்க்கவில்லை. கேட்காதது போல நானும் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு மாதம் நான் சரியாகத்தான் இருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாப்பிட்டேன், தூங்கினேன், பையனைத் தேர்வுக்குப் படிக்க வைத்தேன். யாருக்கு நஷ்டம் என்ற கேள்வி எனக்குத் துணையாக இருந்தது.

விசாரணை

இறப்பு நடந்ததால் ஒரு விசாரணை வைத்தார்கள். பழைய அரசுக் கட்டடம். மின்விசிறி சுற்றும்போது டக் டக் என்று சத்தம் வரும். விசாரித்த அதிகாரி இளம் வயதுப் பெண். நிதானமாக, மரியாதையாகக் கேட்டார்.

பத்ரி வந்திருந்தார். பின்கட்டு பற்றி எங்களிடம் என்ன சொன்னார் என்பது தனக்கு ஞாபகம் இல்லை என்றார். அடுத்து வேதவல்லி. நெற்றி வெறுமையாக இருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி என் அறிக்கையைப் படித்துவிட்டுக் கேட்டார். "சர்வேக்கு வந்தப்ப கேட் பூட்டியிருந்ததுன்னு எழுதியிருக்காங்க. பகல்ல பூட்டி வைப்பீங்களாம்மா?"

"பூட்டறதில்லையே. குழந்தைகள் டியூஷனுக்கு வருமே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அது என்னிக்குன்னு சொன்னேள்? பங்குனியா? அன்னிக்கு நான் ரேஷனுக்குப் போயிருப்பேனோ என்னமோ. அவர் தனியா இருக்காரேன்னு பூட்டிண்டு போயிருப்பேன்."

"சரி, பரவாயில்லைம்மா..."

"இல்லே, இருங்கோ." வேதவல்லியின் குரல் ஒரே சீராக இருந்தது. "அவா வந்திருக்கா. நான் பூட்டிண்டு போனதால உள்ளே வர முடியல்லே. வந்திருந்தா விரிசலைப் பார்த்திருப்பா. காலி பண்ணச் சொல்லியிருப்பா. அப்போ நான் பூட்டினதாலதான் அவர் போனாரா?"

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா கூட நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்கோ. நான்தானா?"

யாருக்கு நஷ்டம் என்பது எனக்கு அப்போது தெரிந்தது. செய்யாத ஒன்றை அந்தப் பெண்மணி என் கண்ணெதிரே தன் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார். அதை இறக்கி வைக்கக்கூடிய ஆள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

என் பக்கத்தில் ஆரோக்கியசாமி அண்ணன். அவருக்கு ஓய்வு பெற நாலைந்து மாதம். அவரைப் பார்த்தேன். "சொல்லிருங்க மேடம்" என்றார், உதடு அசையாமல். "என் பேரை விட்டுடுங்கன்னு கேக்கத்தான் தோணுது. கேக்க மாட்டேன்."

எழுந்து நின்றேன். "கேட் பூட்டல மேடம். வெறும் தாழ்ப்பாள்தான். உள்ளே வேட்டி காய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஆள் இருக்காங்கன்னு இவர் சொன்னாரு. நான்தான் போகல. அப்புறம் இந்த மாமியே ஆபீஸுக்கு வந்து கூப்பிட்டாங்க. வரேன்னு சொல்லிட்டு அப்பவும் போகல. அறிக்கையில நான் எழுதினது பொய்."

மேலதிகாரியின் பெயரை நான் சொல்லவில்லை. எழுதிய கை என்னுடையதுதானே. ஆனால் அது நேர்மையா, பயமா என்று இன்று வரை எனக்கே தெளிவாகவில்லை.

வேதவல்லி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு

என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். ஆறேழு மாதம் வீட்டில் இருந்தேன். ஆரோக்கியசாமி அண்ணன் மேல் விசாரணை நிலுவையில் இருந்ததால் வழியனுப்பு விழா இல்லாமலே ஓய்வு பெற்றார். கடைசி நாளன்று மேஜையைத் துடைத்துவிட்டு, தனியாகப் பஸ் ஏறிப் போனாராம். விபத்துக்குப் பின் பத்ரியின் லாட்ஜுக்கு வைத்த சீல் சில வாரங்களில் எடுக்கப்பட்டது. பின்கட்டு யாருடையது என்ற வழக்கு இன்னும் நடக்கிறது.

ஒரு காரியம் நடந்தது. ஸ்ரீரங்கத்தில் அந்தப் பகுதித் தெருக்களை மறுபடி நடந்து சரிபார்க்கச் சொன்னார்கள். வேறு சர்வேயர்கள் போனார்கள். ஒவ்வொரு சந்துக்குள்ளும் நுழைந்து பார்த்தார்கள். விட்டுப்போன பின்கட்டுகள் இன்னும் சில கிடைத்தன. ஆள் குடியிருந்த பின்கட்டுகள். அவற்றில் சிலவற்றுக்கு இருந்தது என் கையெழுத்து இல்லை, வேறு ஆட்களுடையது. அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை.

மறுபடி வேலை கொடுத்தபோது உப்பிலியபுரத்துக்கு மாற்றல். பச்சமலை அடிவாரம், வயல் அளக்கும் வேலை. போவதற்கு முன் வேதவல்லியைப் பார்க்கப் போனேன்.

திருவானைக்காவல் மாடி அறை

மாற்று வீடு வெகுதொலைவில் கிடைத்ததால் அவர் அதை ஏற்கவில்லை. டியூஷன் குழந்தைகள் அங்கே வர முடியாது. திருவானைக்காவலில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். நான் போனபோது ஏழெட்டுக் குழந்தைகள் பாயில் உட்கார்ந்து இந்திப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார். படியைக் காட்டினார். முக்கால் மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தைகள் போன பிறகு, "உள்ளே வாங்கோ" என்றார். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

"மாமி, நான் ஊர் மாறிப் போறேன். போறதுக்கு முன்னாடி..."

"ஒண்ணு கேக்கணும்" என்று இடைமறித்தார். "அன்னிக்கு, அந்த பங்குனியில, கேட்டண்ட நின்னேளே. உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"என்ன சத்தம் மாமி?"

"அவருக்குப் பேச்சு வராது. கட்டில் பக்கத்துல ஒரு எவர்சில்வர் டம்ளர் வெச்சிருப்பேன். யாராவது வந்த மாதிரி இருந்தா இடது கையால அதைக் கட்டில் கம்பியில தட்டுவார். அப்படிப் பழக்கியிருந்தேன். நான் இருக்கறச்சே தட்டுவார். நான் வெளியில போயிருக்கறச்சே தட்டுவாரா, இல்லே பேசாம படுத்துண்டிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்லத் தெரியாதே அவருக்கு."

கேட்டிருந்தேன். வேட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, சந்தின் கோடியிலிருந்து உலோகத்தில் உலோகம் மோதுகிற சத்தம் வந்தது. யாரோ பாத்திரம் தேய்க்கிறார்கள் என்று நினைத்தேன். விசாரணையில் அதைச் சொல்லவில்லை. ஏன், மேலே அந்தப் பங்குனி நாளைப் பற்றி எழுதியபோதும் அந்தச் சத்தத்தை விட்டுவிட்டேன். எழுத வரவில்லை.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது நல்லதோ என்று ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்லும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

"கேட்டுது மாமி."

"எத்தனை தடவை?"

"நாலஞ்சு தடவை. கொஞ்சம் விட்டு, மறுபடியும்."

வேதவல்லி மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார். கதை கேட்கிற குழந்தையைப் போல முகத்தை நிமிர்த்தி, "மறுபடியுமா?" என்றார்.

"ஆமா. நாங்க நகர்ற வரைக்கும்."

கீழே தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. பிறகு, "கூப்பிட்டிருக்கார். நான் சொல்லிக்கொடுத்தபடி கூப்பிட்டிருக்கார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண்ணீர் அப்போதுதான் வந்தது. துடைக்கவில்லை.

"மாமி, என்னை மன்னிச்சுடுங்க" என்றேன்.

என்னை நேராகப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அதை எங்கிட்ட கேக்காதேங்கோ" என்றார். "உங்களைக் கூப்பிட்டது நான் மட்டும் இல்லையே."

அடுத்த பிரிவுக் குழந்தைகள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கதவை அகலத் திறந்து வைத்தார். குழந்தைகள் உள்ளே போக வழிவிட்டு நின்றேன். பிறகு படியிறங்கினேன்.